நாலாம் நம்பர் பெட்

சார், இந்தச் சொட்டு மருந்து எரிச்சல் எவ்வளவு நேரம் சார் இருக்கும்?

ஓ, மேடமா? மன்னிச்சுக்கோங்கம்மா. பக்கத்துச் சீட்டுல யாரோ உக்கார்ற சத்தம் கேட்டுது, யாருன்னு தெரியலை. முக்கால் மணி நேரம் கண்ணைத் திறக்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிட்டுப் போயிருக்காங்க. நடுவுல வந்து இன்னும் ரெண்டு தடவை ஊத்துவாங்களாம். நீங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்தீங்களா? உள்ள போயிட்டாரா? சரி சரி. அப்ப உங்களுக்கும் நேரம் ஆகும். இங்க உள்ள போனவங்க சீக்கிரம் வரமாட்டாங்க.

எனக்குக் கூட யாரும் வரலை. தனியாத்தான் வந்தேன். ஆட்டோவுல.

கண்ணை மூடிட்டு உக்கார்றது எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லைம்மா. பாருங்க, மத்தவங்க எல்லாம் கர்ச்சீஃப் வச்சு ஒத்திக்கிட்டு, தலையை ஆட்டிக்கிட்டு இருப்பாங்க. நான் அசையவே மாட்டேன். எனக்கு அது பழக்கம். ஒரு காலத்துல எனக்குத் தொழிலே அதுதான். சிரிக்கிறீங்களா? நிஜமாத்தாம்மா சொல்றேன். நான் டிவி சீரியல்ல நடிச்சிருக்கேன். பதிமூணு வாரம். பதிமூணு வாரமும் கண்ணை மூடிட்டேதான்.

'வலிக்குதா சார்?'னு ஒரு காமெடி சீரியல். தொண்ணூத்தொம்பதுல வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணி. நீங்க அப்போ சின்னப் பொண்ணா இருந்திருப்பீங்க. ஞாபகம் இல்லையா? பரவாயில்லை. யாருக்கும் இல்லை. முழுக்க முழுக்க ஒரு ஆஸ்பத்திரியில நடக்கிற கதை. ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழுற டாக்டர், எல்லாருக்கும் ரசம் மட்டும் குடுக்கிற கேன்டீன்காரர், கல்யாணத்துக்குப் பயந்து வயித்து வலின்னு வந்து படுத்துக்கிட்ட மாப்பிள்ளை, இப்படி. நான் நாலாம் நம்பர் பெட். கோமா பேஷன்ட்.

என் பேர் தணிகாசலம்மா. பொதுப்பணித் துறையில ரெக்கார்ட் கிளார்க்கா இருந்தேன். சபா நாடகங்கள்ல சின்னச் சின்ன வேஷம் கட்டுவேன். போஸ்ட்மேன், போலீஸ்காரர், பிணம். அந்தப் பிணத்தைப் பார்த்துட்டுத்தான் ரங்கன் சார் என்னைக் கூப்பிட்டாரு. பரிமளரங்கன்னு பேரு, நாடகத்துல இருந்து வந்த டைரக்டர். எனக்கு முன்னாடி ஒருத்தரை அந்த பெட்டுல போட்டிருந்தாங்க. அவரு ரெண்டாவது ஷாட்லயே குறட்டை விட்டுட்டாரு. நான் போய்ப் படுத்தேன். கேமரா ஓடி முடிஞ்சதும் ரங்கன் சார் கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தாரு. "யோவ், நீ மூச்சு விடுறதே தெரியலையேய்யா!"ன்னாரு.

என் வாழ்க்கையில என்னைப் பத்தி ஒருத்தர் சொன்ன நல்ல வார்த்தைன்னா அதுதாம்மா.

அந்த சீரியல்ல என் வேஷம் ரொம்ப முக்கியம். நீங்க சும்மா படுத்திருக்கிறதுதானேன்னு நினைக்கலாம். அப்படி இல்லை. யாருக்கு என்ன ரகசியம் இருந்தாலும் என் பெட்டுக்கிட்ட வந்துதான் சொல்லுவாங்க. டாக்டர் வந்து, எனக்கு ரத்தம்னா பயம்யான்னு அழுவாரு. மாப்பிள்ளை வந்து, எனக்கு வயித்து வலியே இல்லைம்பான். நான் பாட்டுக்கு கிடப்பேன். ஜனங்க சிரிப்பாங்க. அதுல ஒரு தடவை கொசு ஒண்ணு வந்து மூக்கு நுனியில உக்கார்ந்துக்குச்சு. நிஜக் கொசு. ஷாட் முடியிற வரைக்கும் கடிச்சுது. நான் அசையலை. கட் சொன்னதும் மொத்த யூனிட்டும் கை தட்டுச்சு.

ஆனா வெளியில யாருக்கும் என்னைத் தெரியலைம்மா. தெருவுல டாக்டரா நடிச்சவரைக் கூட்டம் கூடிப் பார்க்குது, என்னை ஒருத்தனும் திரும்பிப் பார்க்கலை. அப்புறம்தான் புரிஞ்சுது, கண்ணு திறந்திருந்தா எப்படித் தெரியும்னு. அதனால 12பி பஸ்ல போறப்ப ஜன்னலோரம் உக்கார்ந்து கண்ணை மூடிக்குவேன். யாராவது அடையாளம் கண்டுபிடிப்பாங்களான்னு. ஒரு நாள் ஒருத்தர் தோளைத் தட்டினாரு. வந்துட்டாங்கய்யான்னு கண்ணைத் திறந்தேன். கண்டக்டர். "பெரியவரே, ஸ்டாப்பிங் வந்துடுச்சு"ன்னாரு. அப்ப எனக்கு நாப்பத்தொண்ணு வயசுதான்.

கல்யாணமா? இல்லைம்மா. ரெண்டு தங்கச்சிங்களுக்குப் பண்ணி முடிச்சேன். அப்புறம் எனக்குன்னு யாரும் பேச்செடுக்கலை, நானும் எடுக்கலை. வளசரவாக்கத்துல ஒத்தை ரூம். இப்பவும் அதே ரூம்தான்.

சரி, நான் சொல்ல வந்தது அதில்லை. எனக்கு அந்த சீரியல்ல ஒரு வசனம் இருந்துது. அதைச் சொல்லத்தான் வந்தேன். ரங்கன் சார் ஒரு நாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "தணிகாசலம், பதினாலாவது எபிசோட்ல நீ எந்திரிக்கிற. எந்திரிச்சு ஒரே ஒரு டயலாக். ஆஸ்பத்திரியே ஆடிப்போயிடும்"ன்னாரு. என்ன டயலாக் தெரியுமா? "நீங்க பேசினதெல்லாம் நான் கேட்டுட்டுத்தான்யா இருந்தேன்." அவ்வளவுதான். எத்தனை விதமா அதைச் சொல்லிப் பார்த்திருப்பேன்! கோபமா, சிரிச்சுக்கிட்டே, பெருமூச்சு விட்டு. கண்ணாடி முன்னாடி, பல் விளக்குறப்ப, ஆபீஸ்ல ஃபைல் கட்டுறப்ப. கடைசியில பதினாலாவது எபிசோடே வரலை. என்னைக் கேட்டா, அந்த ஒரு எபிசோட் மட்டும் வந்திருந்தா அந்த சீரியல் இன்னைக்கு வரைக்கும் பேசப்பட்டிருக்கும்.

நர்ஸா நடிச்சவங்க பேரு தாரிணின்னு டைட்டில்ல வரும். ரங்கன் சார் வச்ச பேரு அது. நிஜப் பேரு தங்கபுஷ்பம். நாசரேத்துப் பக்கம். முப்பது முப்பத்தொண்ணு வயசு இருக்கும். எனக்கு எப்படி நிஜப் பேரு தெரியும்னா, அவங்களே என்கிட்டச் சொன்னாங்க. நான் படுத்திருக்கிறப்ப.

விருகம்பாக்கத்துல ஓடாத ஒரு கல்யாண மண்டபத்தை வார்டு மாதிரி செட் போட்டிருந்தாங்க. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவுல லைட்டை மாத்துவாங்க. அரை மணி நேரம் ஆகும். மத்தவங்க எல்லாம் வெளியில போயிடுவாங்க. நான் எந்திரிக்க முடியாது. மூக்குல டியூபு, கையில பிளாஸ்திரி, எல்லாத்தையும் மேக்கப்மேன் ஏகாம்பரம் ஒட்டி வச்சிருப்பாரு. எந்திரிச்சா மறுபடி ஒட்டணும்னு திட்டுவாரு. அதனால அப்படியே கிடப்பேன். என் பெட்டுக்கு மேலதான் ஒரே ஒரு ஃபேன் ஓடும். காத்துக்காக தங்கபுஷ்பம் என் பெட்டுக்குப் பக்கத்துல கிடந்த ஸ்டூல்ல வந்து உக்காருவாங்க. முதல்ல வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "ஐயா, ஊசி போட வந்திருக்கேன், வலிக்காது"ன்னு. நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு நாள், "எங்க எப்சிபாவுக்கு ஊசின்னா அவ்வளவு பயம்"ன்னாங்க. இது வசனத்துல இல்லையேன்னு எனக்குத் தோணுச்சு.

எப்சிபா அவங்க பொண்ணு. ஆறு வயசு. புருஷன் மஸ்கட்டுக்குப் போனவரு, அங்கேயே வேற குடும்பம் வச்சுக்கிட்டாரு. பிள்ளை ரெண்டு வயசுல இருந்தே நாசரேத்துல அக்கா வீட்டுல வளருது. அக்கா பேரு கிரேஸ், ஸ்கூல் டீச்சர். அவங்களுக்குப் பிள்ளை இல்லை. இதெல்லாம் ஒரே நாள்ல சொன்னதில்லைம்மா. கொஞ்சம் கொஞ்சமா, ஷாட்டுக்கு ஷாட்டு நடுவுல.

நான் முழிச்சிருக்கேன்னு அவங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லணும். அவங்களே சொன்னாங்க, "அண்ணாச்சி, நீங்க முழிச்சுத்தான் இருக்கீங்கன்னு தெரியும். கண்ணைத் திறந்துராதீங்க. நீங்க பார்த்தீங்கன்னா எனக்குப் பேச்சு வராது." அவங்க ஊர்ப் பக்கம் அப்படித்தான், பெரியவங்களை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க. அதனால நான் திறக்கலை. அவங்க கேட்டுக்கிட்டதுனாலதான் திறக்கலை. இதை நீங்க கவனிச்சுக்கணும்.

செட்ல மத்தபடி நாங்க ரெண்டு பேரும் பேசினதே கிடையாது. சாப்பிடுறப்ப பார்த்தாக்கூட லேசா ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஆனா நான் போய்ப் படுத்தா, ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேக்கும். நான் ஆபீஸ்ல சம்பளமில்லாத லீவு போட்டுட்டு வந்துக்கிட்டிருந்தேன். ரங்கன் சாருக்காகன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அந்த ஸ்டூல் சத்தத்துக்காகத்தாம்மா வந்தேன். வேற ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க. ஒரு மனுஷர் என் பக்கத்துல வந்து உக்கார்ந்து, இன்னைக்கு என்ன நடந்துதுன்னு சொல்றாங்க. என் வீட்டுல அது நடந்ததில்லை.

பொண்ணு கன்னத்துல அம்மைத் தழும்பு ஒண்ணு இருக்கும்னு சொல்லுவாங்க. ஊருக்குப் போயிட்டுக் கிளம்புறப்ப பிள்ளை அழாதாம். கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்குமாம். "அழுதாக்கூட ஒரு அடி போட்டுட்டு வந்துரலாம் அண்ணாச்சி. அது அழ மாட்டேங்குதே"ம்பாங்க. அக்காவைப் பத்தி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "அக்கா கையில பிள்ளை இருக்கப்பதான் எனக்குத் தூக்கம் வருது. என் கையில இருந்தா பயமா இருக்கு"ன்னாங்க ஒரு நாள்.

மே மாசம். ஜூன்ல பிள்ளையை ஒண்ணாம் கிளாஸ் சேர்க்கணும். அக்கா ஒரு முடிவு கேட்டிருக்காங்க. தத்து குடுத்துட்டேன்னு எழுதிக் குடு, இல்லைன்னா கூட்டிட்டுப் போ, நடுவுல வச்சுப் பிள்ளையை இழுக்காதேன்னு. அந்தம்மா கேட்டதுலயும் தப்பில்லை.

இது இப்படி இருக்கையில, ஒரு நாள் மதியம் ஷாட் பிரேக்ல ரங்கன் சாரும் தயாரிப்பாளரும் என் பெட்டுக்கிட்ட வந்து நின்னாங்க. ஃபேனுக்காகத்தான். தயாரிப்பாளர் சொல்றாரு, "பதிமூணோட முடிச்சுக்கச் சொல்லிட்டாங்க. அந்த நேரத்துக்கு வேற ப்ரோக்ராம் வருதாம்." ரங்கன் சார், "ஆர்ட்டிஸ்ட் யாருக்கும் இப்ப சொல்ல வேண்டாம். தெரிஞ்சா முகத்துல சிரிப்பு வராது"ன்னாரு. ரெண்டு பேரும் போயிட்டாங்க. நான் ஒருத்தன் கிடக்கிறேன்னு அவங்களுக்கு நினைப்பே இல்லை. அவ்வளவு தத்ரூபமா படுத்திருந்திருக்கேன்!

எனக்கு எப்படி இருந்துதுன்னு யோசிச்சுப் பாருங்க. பதிமூணோட முடியுதுன்னா பதினாலு இல்லை. என் வசனம் இல்லை. அன்னைக்குப் பூரா எனக்கு அதுதான் ஓடிக்கிட்டு இருந்துது. இல்லை, மாத்துவாங்க, கடைசி நேரத்துல மாறும்னு நினைச்சுக்கிட்டேன். பதிமூணுலயே என்னை எந்திரிக்க வைப்பாருன்னு நினைச்சேன்.

அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோ, தங்கபுஷ்பம் வந்து உக்கார்ந்தாங்க. அன்னைக்குக் குரலே வேற மாதிரி இருந்துது.

"அண்ணாச்சி, நாளைக்கு ஊருக்குப் போறேன். அக்காவுக்குப் பதில் சொல்லணும். ரங்கன் சார் அம்பத்திரெண்டு வாரம்னு சொல்லுதாரு. ஒரு வருசம் இருந்தாப் போதும், பிள்ளையை இங்க காலூன வச்சிருவேன். எனக்குக் கேக்க வேற ஆள் இல்ல. நீங்க பேச வேண்டாம். கூட்டிட்டு வான்னா இப்படியே இருங்க. வேண்டாம்னா கண்ணைத் திறந்து என்னைப் பாருங்க."

அம்மா, அந்த ஃபேன் சுத்துற சத்தம் இப்பவும் எனக்குக் கேக்குது.

நான் என்ன பண்ணியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க. நான் திறந்து பார்த்திருந்தா என்னன்னு கேப்பாங்க. சொல்ல வேண்டி வரும். ரங்கன் சார் யாருக்கும் சொல்லாதேன்னாரு. என்கிட்ட நேரா சொல்லலைதான், ஆனா என் காதுல விழுற மாதிரிதானே சொன்னாரு? ஒருத்தர் நம்பிக்கைக்குத் துரோகம் பண்ணலாமா? அது ஒண்ணு. இன்னொண்ணு, நான் கண்ணைத் திறந்துட்டேன்னா அப்புறம் அவங்க அந்த ஸ்டூல்ல வந்து உக்கார மாட்டாங்க. அதுவும் ஒண்ணு. சின்ன விஷயம்தான் அது.

நான் அசையலை. ரொம்ப நேரம் காத்திருந்தாங்க. அவங்க மூச்சு விடுறது எனக்குக் கேட்டுது. அப்புறம் என் கை மேல அவங்க கையை வச்சு, "ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

சிஸ்டரா? ஊத்துங்க சிஸ்டர். ஊத்துங்க. எரியுது, ஆமா. பரவாயில்லை.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆமா. பிள்ளையைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. விருகம்பாக்கத்துலயே ஒரு ஸ்கூல்ல சேர்த்தாங்க. ஸ்கூல் விட்டதும் பிள்ளை நேரா செட்டுக்கு வந்துடும். முதல் நாள் என் பெட்டுக்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, "எம்மா, இந்த மாமா செத்துட்டாங்களா?"ன்னு கேட்டுது. "இல்லட்டீ, மாமா நடிக்காங்க"ன்னாங்க. அது நம்பலை. என் கண்ணு இமை மேல உஃப்னு ஊதிப் பார்த்துது. நான் சிரிச்சிருக்கணும். சிரிக்கலை. தங்கபுஷ்பம் சிரிச்சாங்க. அவங்க அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் பண்ணது சரிதான்னு எனக்குத் தோணுச்சு.

பிள்ளை ஸ்கூல்ல சேர்ந்து எட்டு நாள் இருக்கும். பதிமூணாவது எபிசோட் ஷூட்டிங் முடிஞ்சுது. ரங்கன் சார் எல்லாரையும் வார்டுல கூப்பிட்டு நிக்க வச்சாரு. விஷயத்தைச் சொன்னாரு. டாக்டர் வேஷக்காரர், "எப்ப சார் முடிவாச்சு?"ன்னு கேட்டாரு. "மூணு வாரம் ஆச்சுய்யா. இதே இடத்துல, இந்த நாலாம் நம்பர் பெட்டுக்கிட்ட நின்னுதான் எனக்குச் சொன்னாங்க"ன்னாரு ரங்கன் சார்.

நான் அப்போ பெட்டுல உக்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். டியூபு இன்னும் மூக்குலதான் இருந்துது. தங்கபுஷ்பம் திரும்பி என்னைப் பார்த்தாங்க. கூட்டம் கலைஞ்சதும் கிட்ட வந்தாங்க. ஸ்டூல்ல உக்காரலை. நின்னுக்கிட்டே கேட்டாங்க.

"அண்ணாச்சி, அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?"

நாங்க ரெண்டு பேரும் கண்ணு பார்த்துப் பேசினது அதுதாம்மா முதல் தடவை.

"எது?"ன்னேன். "நான் தூங்கிட்டேன்மா அன்னைக்கு"ன்னேன்.

"தூங்கிட்டீங்களா?"

"ஆமாம்மா. மதியச் சாப்பாடு. படுத்தா தூங்கிடுறேன்."

அவங்க முகத்தை நான் எப்படிச் சொல்றது? கோபம் இல்லை. எதையோ கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தாங்க.

"அப்ப நான் வந்து கேட்டப்பவும் தூங்கிட்டா இருந்தீங்க? நான் பேசினது ஒண்ணுமே உங்களுக்குக் கேக்கலையா? இத்தனை நாளா?"

தூங்கிட்டேன்னு சொன்னதுக்கு அப்புறம் வேற என்ன சொல்ல முடியும்? "ஒண்ணுமே கேக்கலைம்மா"ன்னேன்.

"சரி"ன்னாங்க. பிள்ளை அந்தப் பக்கம் ரெண்டாம் நம்பர் பெட்டுல ஏறிக் குதிச்சுக்கிட்டு இருந்துது. அதைக் கையைப் பிடிச்சு இறக்கி, பையை மாட்டிவிட்டு, கூட்டிட்டுப் போயிட்டாங்க.

நான் என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். நல்லதுதானேன்னு. ஒரு பொம்பளை மனசுல இருக்கிறதெல்லாம் ஒரு அந்நிய ஆம்பளைகிட்டக் கொட்டிட்டோமேன்னு அவங்களுக்குக் கூச்சமா இருக்கும். கேக்கவே இல்லைன்னு சொன்னா நிம்மதிதானே? அப்படி நினைச்சுத்தாம்மா சொன்னேன். அவங்களைக் காப்பாத்தத்தான் சொன்னேன். பின்னாடி யோசிக்கிறப்பதான்... சரி, விடுங்க.

அப்புறம் என்ன ஆச்சுன்னு ஏகாம்பரம் மூலமாத்தான் எனக்குத் தெரியும். ஏழு மாசம் பிள்ளையை வச்சுக்கிட்டு இங்கேயே இருந்து பார்த்திருக்காங்க. டப்பிங்ல கூட்டத்துல குரல் குடுக்கிறது, துணிக்கடையில நிக்கிறதுன்னு. முடியலை. ஜனவரியில கொண்டுபோய் அக்காகிட்ட விட்டுட்டு, எழுதிக் குடுத்துட்டு, திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்கன்னு கேள்வி. நான் போய்ப் பார்த்திருக்கலாம். விருகம்பாக்கம் எனக்கு எவ்வளவு தூரம்? நடந்தே போகலாம். என்னன்னு போறது சொல்லுங்க? ஒண்ணுமே கேக்கலைன்னு சொன்ன ஆளு, என்ன தெரிஞ்சுக்கிட்டுப் போய் நிப்பான்?

வருஷம் ஓடிப்போச்சு. நானும் ரிட்டையர் ஆயிட்டேன். ஏகாம்பரம் உடம்பு சரியில்லாம இருந்தாரு, அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்குல, "நம்ம தாரிணி செத்து எட்டு வருஷம் ஆச்சே, மஞ்சள் காமாலையில, தெரியாதா?"ன்னாரு. எனக்குத் தெரியாது. எட்டு வருஷமா அவங்க எங்கேயோ இருக்காங்கன்னே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். நான் தினம் ஒண்ணு ரெண்டு வார்த்தை அவங்ககிட்டப் பேசுவேன், மனசுக்குள்ள. அதெல்லாம் எங்க போச்சுன்னு தெரியலை.

ஒரு வாரம் சாப்பாடு இறங்கலை. அப்புறம் திருச்செந்தூர் ரயில் ஏறிட்டேன். எதுக்குப் போறேன்னு எனக்கே தெரியாது. நாசரேத்துல இறங்கி, கிரேஸ் டீச்சர் வீடு எதுன்னு கேட்டேன். முதல் ஆளே காட்டிட்டாரு.

கிரேஸ் டீச்சருக்கு அறுபதுக்கு மேல. கண்ணாடி போட்டுக்கிட்டு, வெள்ளைப் புடவை. தங்கபுஷ்பம்கூட நடிச்சவன்னு சொன்னேன். "உக்காருங்க. அவகூட இருந்தவங்கன்னு இதுவரை யாரும் வந்ததில்ல"ன்னாங்க. காப்பி கொண்டுவந்து குடுத்தது ஒரு பொண்ணு. கன்னத்துல தழும்பு. இருபத்துமூணு வயசு. ஸ்கூல்ல வேலை பார்க்குதாம். காப்பியைக் குடுத்துட்டு உள்ள போகாம கதவுக்கிட்ட நின்னுக்குச்சு.

டீச்சர் கேட்டாங்க, "என்னைப் பத்தி அவ ஏதும் சொன்னாளா?"

"சொன்னாங்கம்மா. அக்கா கையில பிள்ளை இருக்கப்பதான் எனக்குத் தூக்கம் வருதுன்னு சொன்னாங்க."

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டிட்டாங்க. "என்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே"ன்னு முந்தானையால முகத்தை மூடிக்கிட்டாங்க. "நான் பிடுங்கிக்கிட்டேன்னுதான் அவ நினைச்சுக்கிட்டு இருந்தான்னு நினைச்சேன். வந்தாக்கூட வாசல்லயே நின்னுட்டுப் போயிருவா. அப்புறம் அதுவும் இல்ல."

அதுக்கப்புறம் நான் பேசினேம்மா. ரெண்டு மணி நேரம் பேசினேன். தங்கபுஷ்பம் என்கிட்டச் சொன்னது அத்தனையும். எந்த ஷாட்டுக்கு நடுவுல சொன்னது, எந்தக் குரல்ல சொன்னது, எங்க நிறுத்தினாங்க, எல்லாம். ஒரு வார்த்தை விட்டுப் போகலை. எனக்கே ஆச்சரியமா இருந்துது. எப்சிபா வந்து தரையில உக்கார்ந்துக்குச்சு. அது கதவுக்குப் பின்னாடி போய் நிக்கும்னு அவங்க அம்மா சொன்னதைச் சொன்னப்பதான் அழ ஆரம்பிச்சுது. "எங்கம்மாவுக்கு நான் வேண்டாத பிள்ளைன்னுதான் இத்தனை வருசம் நினைச்சேன்"னுச்சு. "என்னை விட்டுட்டு நடிக்கப் போனவங்கன்னு."

அப்புறம் கேட்டுது. "கூட்டிட்டு வரவான்னு உங்ககிட்டதானே கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

நான் கூட்டிட்டு வாம்மான்னு சொன்னேன்னு சொன்னேன்.

பொய்யில்லைம்மா அது. அசையாம இருந்தா கூட்டிட்டு வான்னு அர்த்தம்னு அவங்களே சொன்னாங்க இல்லையா? நான் அசையலை. தயாரிப்பாளர் வந்து பேசினதை மட்டும் நான் சொல்லலை. அது எதுக்கு அந்தப் பொண்ணுக்கு?

எப்சிபா எந்திரிச்சு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்குச்சு. "அம்மா உங்களை அண்ணாச்சின்னு கூப்பிட்டாங்கன்னா நீங்க எனக்கு மாமா"ன்னுச்சு.

அன்னையில இருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஃபோன் பண்ணும். சர்ச்சு முடிஞ்சு வந்ததும். எட்டு வருஷம் ஆச்சு, ஒரு வாரம் தவறினதில்லை. டீச்சர் போய்ச் சேர்ந்துட்டாங்க. அதுக்குக் கல்யாணம் ஆயி, இப்ப தூத்துக்குடியில இருக்கு. மாத்திரை போட்டீங்களா, கண்ணைக் காட்டினீங்களான்னு கேக்கும். இன்னைக்கு நான் இங்க வந்ததே அது சொல்லித்தான். வாரம் பூரா என் ஃபோன் அடிக்காதும்மா. கேஸ் கம்பெனியில இருந்து வந்தா உண்டு. ஞாயித்துக்கிழமை பத்தரை மணிக்கு நான் ஃபோனைக் கையில எடுத்து வச்சுக்கிட்டு உக்கார்ந்திருப்பேன்.

போன வாரம் பேசிக்கிட்டு இருக்கிறப்ப, அதுவா அம்மா பேச்சை எடுத்துது. மெட்ராஸ்ல அந்த ஏழு மாசம் இருந்ததைச் சொல்லிக்கிட்டே இருந்துது. ஒரே பாயில படுத்தது, அம்மா நர்ஸு வசனத்தைச் சொல்லிக் காட்டிச் சோறு ஊட்டினது, பஸ்ல மடியில உக்கார்ந்து போனது. அப்புறம் சொல்லுச்சு.

"மாமா, ஒண்ணு நினைச்சுப் பார்த்தேன். சீரியல் நிக்கப்போவுதுன்னு அம்மாவுக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா என்னைக் கூட்டிட்டே வந்திருக்க மாட்டாங்க. எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பாங்க. எனக்கு அந்த ஏழு மாசம் கிடைச்சிருக்காது. நல்ல வேளை, யாரும் அவங்ககிட்டச் சொல்லலை."

எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கணும் இல்லைம்மா? இருபத்தஞ்சு வருஷமா மனசுல ஏதோ ஒண்ணு அறுத்துக்கிட்டே இருக்கு, அதை அந்தப் பொண்ணே வந்து எடுத்துப் போட்ட மாதிரி. சந்தோஷமா இருந்திருக்கணும். வரலை. அதுக்குக் கிடைச்சுது, சரி. அவங்களுக்கு? ஏழு மாசம் பிள்ளையைப் பக்கத்துல போட்டுத் தூங்கிட்டு, அப்புறம் கொண்டுபோய் விட்டுட்டு வந்தாங்களே, அவங்களுக்கு? ஜனவரி மாசம், திரும்பி வர்ற ரயில்ல, பக்கத்துல யார் உக்கார்ந்திருந்தாங்களோ?

இப்பவாவது சொல்லிடணும்னு வாய் வரைக்கும் வந்துது. எப்சிபா, எனக்குத் தெரியும்மா, நான்தான் சொல்லலை. ஒரே வரிதான். சொன்னா என்ன ஆகும்? அது கோவிச்சுக்காமக் கூடப் போகலாம். ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை பத்தரை மணி ஆகும், பதினொண்ணு ஆகும்...

நான் பேசவே இல்லை போல. அந்தப் பக்கத்துல இருந்து, "மாமா? மாமா, இருக்கீங்களா?"ன்னு கேட்டுது.

"இருக்கேம்மா"ன்னேன்.